பிரீமியம் உண்டு, கிளெய்ம் இல்லை

வயிற்றுக் கொழுப்பிலிருந்தும் பிடுங்கிய பல்லிலிருந்தும் ஸ்டெம் செல்லைப் பிரித்து, பிற்கால மருத்துவத்துக்கென்று உறையவைத்துக்கொள்வது வசதியுள்ளவர்களிடையே பரவிவருகிறது. 'இது உயிருக்கு எடுக்கும் காப்பீடு, தப்பென்ன?' என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள்.

சில விஷயங்களில் அவர்கள் சொல்வது சரிதான். மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில், செல்கள் பல ஆண்டுகள் தாங்கும். வயது ஏற ஏற அவற்றின் பெருகும் திறன் குறையும். மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்தவரின் சொந்த ஸ்டெம் செல்லை உறையவைத்து, கடும் கீமோதெரபிக்குப் பின் அவருக்கே திருப்பி ஏற்றுவது நம்மூர் மருத்துவமனைகளிலும் நடப்பதுதான்.

ஆனால் மைலோமா நோயாளியிடம் செல்லை எடுப்பது நோய் வந்த பிறகு. எதற்காக, எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தே எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 2015-இல் அனுமதி பெற்ற ஹோலோக்ளார் என்ற கண் சிகிச்சையும் அப்படித்தான்: கண் வெந்துபோன பிறகு, அதே நோயாளியின் கண்ணில் கெடாமல் மிஞ்சிய இடத்திலிருந்து துளி திசுவை எடுத்து வளர்த்து வைக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முன்பே சேமித்து வைத்திருக்க வேண்டிய தேவை இதில் எங்கே வருகிறது?

'இளமையிலேயே எடுத்துவிட வேண்டும்' என்ற வாதத்தின் அடித்தளத்தை ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா எப்போதோ ஆட்டிவிட்டார். முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்ப முடியும் என்று 2006-இல் எலியிலும், மறு ஆண்டே மனிதச் செல்லிலும் காட்டினார். 2012-இல் நோபல் பரிசும் வந்தது. 2014-இல் ஜப்பானின் கோபேயில், எழுபது வயது கடந்த ஒரு பெண்ணின் தோலை அப்போது எடுத்தே விழித்திரைச் செல்லை உருவாக்கிப் பொருத்தினார்கள். அவர் இளமையில் எதையும் உறையவைத்திருக்கவில்லை. இரண்டாவது நோயாளிக்கு வளர்த்த செல்லில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் நிறுத்திவிட்டு, 2017-இல் அதே குழு கொடையாளர் செல்லுக்கு மாறியது. ஆளுக்கு ஆள் தனியாகத் தயாரிப்பதற்கு ஆகும் காலமும் செலவும் அப்படி. அமெரிக்கா 2024 டிசம்பரில் முதன்முதலாக அனுமதித்த மெசன்கைமல் செல் (கொழுப்பிலும் பல்லிலும் கிடைக்கும் ஸ்டெம் செல் வகை) மருந்தான ரயான்சிலும் பிறர் தந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவதே. 'சொந்த செல்' என்ற ஒன்றையே விலை பேசும் விற்பனையாளர்கள் இந்தக் கதையை வாய் தவறியும் சொல்வதில்லை.

காப்பீடு என்றால் பாலிசியில் தொகை எழுதியிருக்கும். நேரவேண்டியது நேர்ந்தால் கொடுத்தாக வேண்டும். இங்கே நிறுவனம் தரக் கடமைப்பட்டது நைட்ரஜன் தொட்டியில் ஓர் இடம் மட்டுமே. சிகிச்சை கண்டுபிடிக்கப்படாவிட்டால் அதற்கு நட்டமில்லை. கண்டுபிடிக்கப்பட்டு, உங்கள் குப்பி அதற்கு ஒத்துவராவிட்டாலும் நட்டமில்லை. மரபுவழி நோயென்றால், குறையுள்ள அதே மரபணுதான் குப்பிக்குள்ளும் இருக்கும். அப்போதும் கட்டணம் மட்டும் குறையாது. இதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தொப்புள்கொடி ரத்தத்தை வங்கியில் வைக்க மட்டுமே இடம் தந்தது. பல்லையும் கொழுப்பையும் வணிகமாகச் சேமிக்க அதில் அனுமதி இல்லை.