மூன்றாம் மாதத்துத் துணை

கர்ப்பிணிக்கு நாம் தரும் துணையெல்லாம் கடைசி மாதங்களுக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது ஏழாம் மாதத்திலோ ஒன்பதிலோ. சட்டம் தரும் 26 வார விடுப்பில் பேறுகாலத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது 8 வாரம்தான். அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் கர்ப்பிணியின் கூட ஒரு பெண்ணை விடும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது; மத்திய அரசு 2016-இல்தான் அந்த இடத்துக்கு வந்தது. அதுவும் வலி எடுத்த பிறகு கிடைப்பது. கடும் மசக்கையோ ஐந்தாறு வாரத்தில் பிடித்து, மூன்றாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், பலருக்கு இருபதாம் வாரம் வரை நீள்கிறது. சிலரைக் குழந்தை பிறக்கும்வரை விடுவதில்லை. அந்த நாட்களில் அவள் இருப்பது புகுந்த வீட்டில், இல்லையென்றால் கம்பெனி ஹாஸ்டலில்.

டூலா முறையை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடை போட வேண்டும். மருத்துவம் பார்க்காமல், பிரசவம் முழுக்கப் பெண்ணின் பக்கத்திலேயே இருக்கும் பயிற்சி பெற்ற துணைக்கு டூலா என்று பெயர். மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் முதலானோர் குவாட்டமாலா மருத்துவமனை ஒன்றில் செய்து 1980-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதன்மேல் மருத்துவர்களின் பார்வையைத் திருப்பியது. 2017-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 26 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது; அவற்றில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். விடாத துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலிநேரம் சுருங்குகிறது என்றது. பெங்களூரிலும் சென்னையிலும் இன்று கட்டணம் வாங்கும் டூலாக்கள் இருக்கிறார்கள். கடும் மசக்கைக்கும் இதே துணை வேண்டும் என்ற குரல் மேலைநாடுகளில் கேட்கிறது. கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த 26 சோதனைகளும் பிரசவ வலியைப் பற்றியவை. ஒரு பகல் ஓர் இரவு நீளும் வலிக்கு உதவிய கை, பத்து வாரம் நீளும் வாந்திக்கும் அதே அளவு உதவும் என்று அந்த எண்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. டூலா ஆர்வலர்கள் பலர் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறார்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண மசக்கை கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு வரும். ஹைப்பர்எமிசிஸ் எனப்படும் கடும் வகை ஆயிரம் பேரில் 3 முதல் 30 பேருக்கு. தண்ணீர்கூடத் தங்காது, எடை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இறங்கும், உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். கருவை மனத்துக்குள் வெறுப்பதால்தான் இந்த வாந்தி என்று எழுதிவைத்த மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டில் இருந்தார்கள். 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் மார்லீனா ஃபெய்சோ, ஸ்டீபன் ஓராஹிலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் முக்கியக் காரணம். கர்ப்பத்துக்கு முன் அது குறைவாக இருந்த உடம்பு, திடீரென்று அது ஏறும்போது தாங்குவதில்லை. ஃபெய்சோவே இந்த நோயால் 1999-இல் தன் கருவை இழந்தவர். இத்தனைக்குப் பிறகும் நம் வீடுகளில், “ஊர்ல எவளுக்கும் வராத மசக்கையா?” என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இந்தத் துணை ஓர் எல்லையோர ஊரில் எப்படிப் பொருந்தும் என்று பார்க்கப் பேரிகைக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம், சூளகிரி வட்டம். எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தின் மாலூர். பசுமைக்குடில் ரோஜா, தக்காளி, கோஸ், கொத்தமல்லி ஒரு பக்கம். பாகலூர் வழியாக ஓசூர் கம்பெனிகளுக்குப் போகும் பஸ்கள் மறுபக்கம். மருந்தடித்த தோட்டத்து வாடை, களி கிண்டும் வாசனை, தாளிப்பு, பஸ்ஸின் குலுக்கல் என்று வயிற்றைப் புரட்டுவதற்கு இங்கே எதற்கும் குறைவில்லை. வீட்டுப் பேச்சு பல குடும்பங்களில் தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். டாக்டரம்மா தமிழில் கேட்கிறார். ஓசூர்ப் பக்க ஹாஸ்டல்களில் ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்கள் வேறு. இப்படிப்பட்ட இடத்தில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று பேச ஓர் ஆள் இருப்பது ஆடம்பரம் அல்ல.

ஆனால் அந்த ஆள் என்ன செய்ய வேண்டும்? கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வதைவிட எண்ணிக்கொண்டிருப்பது முக்கியம் என்பேன். இன்று எத்தனை வாய் தண்ணீர் தங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், எடை என்ன. எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை என்றால் மருத்துவமனை. படுத்த படுக்கையாகக் கிடப்பவளால் இந்தக் கணக்கை வைக்க முடியாது. வீட்டார் வைப்பதில்லை. இருபத்தைந்து நாள் வாந்தியை “கொஞ்ச நாளா வாந்தி” என்று வெளிநோயாளி வரிசையில் சொன்னால் ஒரு மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். எழுதிய தாளோடு ஒருத்தி பக்கத்தில் நின்றால் அப்படி அனுப்புவது கடினம். டூலா முறையின் உண்மையான பலமாக நான் பார்ப்பது இதைத்தான். அதன் வெளியீடுகளில் பெரிதாகச் சொல்லப்படுவது இதுவல்ல.

அடுத்தது குளுக்கோஸ். சோர்ந்து வந்தவளுக்கு ஒரு பாட்டில் ஏற்றி அனுப்புவது எல்லா ஊர் கிளினிக்குகளிலும் நடப்பதுதான். பல வாரம் சோறு தங்காத உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அதைக் கொடுக்காமல் சர்க்கரைத் தண்ணீரை மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்ததும் கரைந்து மூளை பாதிக்கப்படலாம். வெர்னிக்கி நோய் என்று பெயர், உயிருக்கே ஆபத்து. உப்புக் கரைசல், தேவைக்கேற்பப் பொட்டாசியம், கூடவே பி1 என்றுதான் பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி வழிகாட்டுகிறது. “பி1 போட்டாச்சா?” என்று கேட்கத் தெரிந்த ஒருத்தி ஓர் உயிரைக் காக்கலாம். சிக்கல் என்னவென்றால், மருத்துவத்தில் தலையிடாதே என்பது டூலாப் பயிற்சியின் முதல் பாடம். பிரசவ அறையில் அந்த விதி நல்லது. அங்கே செவிலியர் இருக்கிறார், மானிட்டர் இருக்கிறது. மூன்றாம் மாதத்து வீட்டில் வேறு யாரும் இல்லை. விதியை அப்படியே வைத்துக்கொண்டால் அவள் வெறும் பார்வையாளர். தளர்த்தினால் பதிவோ உரிமமோ இல்லாத ஒருவர் கையில் மருத்துவ முடிவு போகிறது. டூலாக்களுக்கென்று இந்தியாவில் சட்டபூர்வமான பதிவு அமைப்பு எதுவும் இல்லை.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. ‘இயற்கைப் பிரசவ’ இயக்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தது டூலா முறை. அந்த மனப்பான்மை மருந்தைச் சந்தேகமாகப் பார்க்கும். 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு மருந்து குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைக்குப் பின் அந்தச் சந்தேகத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அதே பயம்தான் டாக்ஸிலமின்–பிரிடாக்ஸின் என்ற மசக்கைக் கூட்டு மருந்தை, குற்றம் நிரூபிக்கப்படாமலேயே, வழக்குச் செலவுக்கு அஞ்சி 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்க வைத்தது. 2013-இல் அதே மருந்து அனுமதி பெற்றுத் திரும்பியது. நடுவில் முப்பது ஆண்டுப் பெண்கள் வாந்தி எடுத்தார்கள். இஞ்சித் துண்டும் எலுமிச்சை மோப்பமும் லேசான மசக்கைக்குப் பரவாயில்லை. எச்சில்கூட விழுங்க முடியாதவளிடம் இஞ்சி டீயை நீட்டுவது, உன் நோயை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். மூன்று நாள் இஞ்சி, நான்கு நாள் மூச்சுப்பயிற்சி என்று ஒரு வாரம் போனால் சிறுநீரகம் காத்திருக்காது.

கருக்கலைப்பு பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். பிரிட்டனில் கடும் மசக்கை கண்ட 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் விரும்பிய கருவையே கலைத்திருந்தார்கள். பாதிப் பேர் அதை யோசித்திருந்தார்கள். பிறப்பைக் கொண்டாடுவதையே தொழிலாகக் கொண்ட துணைக்கு, “இனி முடியாது” என்பவளின் பக்கத்தில் அமைதியாக உட்காரத் தெரியுமா? போதிய மருந்தும் சிகிச்சையும் கிடைத்ததா என்று முதலில் கேட்கவும், கிடைத்தும் முடியவில்லை என்றால் 1971 கருக்கலைப்புச் சட்டம் தரும் உரிமையைச் சொல்லவும் தெரிந்தவள் வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சி தேவை.

உள்ளூர்ச் சங்கடம் ஒன்று. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்பது இந்தப் பக்கத்து வழக்கமும்தான். அடிக்கடி ஒரு பெண் வீட்டுக்கு வந்து போனால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். மாமியார் கதவை அடைத்தால் எந்தத் திட்டமும் உள்ளே நுழையாது. பெங்களூர் டூலா மருமகளோடு மட்டும் பேசிவிட்டுப் போகலாம். பேரிகையில் முதலில் மாமியாரிடம், “அம்மா, இது சோம்பேறித்தனம் இல்ல” என்று புரிய வைக்க வேண்டும். அதற்கு அதே ஊரின், வயதில் கொஞ்சம் மூத்த, தானே இந்த அவதியைப் பட்ட பெண்தான் சரி. பட்டவள் சொன்னால் அந்த வீட்டில் எடுபடும்.

அப்படிப்பட்ட ஆளை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற மாநில அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே இதே சூளகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பப் பதிவு இருக்கிறது. பதிவேட்டில் வாந்திக்கென்று ஓர் இடமும், எடை இறங்கினால் யாரைக் கூப்பிடுவது என்ற கட்டளையும் சேர்ந்தால், டூலா செய்வதில் உருப்படியான பாதி வந்துவிடும். மீதிப் பாதி, அதாவது மணிக்கணக்கில் கூட இருப்பது, தன்னார்வலரால் ஆகாது; அவருக்கு வேறு நூறு வீடு இருக்கிறது.

கம்பெனிப் பெண்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. 1961 மகப்பேறு நலச் சட்டம், கர்ப்பத்தால் வரும் நோய்க்கு 26 வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதை விடவில்லை. மருத்துவச் சான்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். கான்ட்ராக்டில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்? சூப்பர்வைசர் சொல்லப்போவதில்லை. நல்ல துணை தலையணையைச் சரிசெய்வதற்கு முன் இந்தச் சான்றை வாங்கித் தருவாள்.

ரோஜாத் தோட்டத்துக் கூலிக்கு இந்த விடுப்பும் கிடையாது. அவளுக்குக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 18,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடக்கம். பெட்டகத்தில் நெய், பேரீச்சை, சத்துமாவு, இரும்புச்சத்து டானிக். பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல பொருட்கள். கடும் மசக்கைக்காரிக்கோ நெய் வாசனையே ஆகாது. இரும்புச்சத்து குமட்டலைக் கூட்டும், வாந்தி அடங்கும்வரை அதைத் தள்ளிவைக்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டிகளே சொல்வது. அவளுக்கு மட்டும் அந்த முதல் பெட்டகத்துக்குப் பதிலாக உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பி1 மாத்திரை, ஓசூர் அரசு மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை போய்வர ஆட்டோ காசு, கூட வருபவளுக்கு ஒரு நாள் கூலி என்று மாற்றிக் கொடுக்கலாம். இதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை. இருக்கும் திட்டத்துக்கு ஒரு துணை அரசாணை போதும்.