அடைச்சொல் எழுதும் தீர்ப்பு

பண்ணையார் பேசினால் ‘கண்டிப்பாகப்’ பேசினார். பண்ணையாள் பேசினால் ‘திமிராகப்’ பேசினான். ஆடவன் மறுத்துரைத்தால் ‘துணிவாக’. அதே மறுப்பைப் பெண் உரைத்தால் ‘துடுக்காக’! பேசிய செய்தி ஒன்றே. ஒட்டிவரும் அடைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள், சாதிக்குச் சாதி வேறுபடுகிறது. என்ன சொன்னான் என்று நாம் கேட்குமுன்பே, எப்படிச் சொன்னான் என்று கூறித் தீர்ப்பை எழுதிவிடுகிறது அச்சிறு சொல்.

உரக்க, வெளிப்படையாக, பகிரங்கமாக, துணிவாக – இவற்றை ஒரே பொருளினவாக நம் எழுத்தாளர் பலர் இறைத்து வருகின்றனர். உரத்தல் வலுப்பெறுதல், ஆகவே ‘உரக்க’ என்பது ஓசையின் அளவு. ‘வெளிப்படையாக’ என்பது கருத்தை ஒளிக்காத நிலை. ‘பகிரங்கம்’ வடசொல், பலர் காணும் புறவெளியைக் குறிப்பது. துணிவோ, சொன்னதற்காகக் கொடுக்க நேரும் விலையைப் பொறுத்தது. உரக்கப் பேசியும் உள்ளத்தை ஒளிப்பவர் உண்டு. மெல்லப் பேசியே அனைத்தையும் திறந்து வைப்பவரும் உண்டு.

இலஞ்சிக்கு அண்மையிலுள்ள மேலகரத்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி உரக்கப் பாடுகிறாள். உயர்குலப் பெண் வசந்தவல்லியின் கையையே பற்றிக் குறி சொல்கிறாள். ஒதுக்கப்பட்டவளுக்கு என்னே உரிமை என்று புலவர் பெருமக்கள் பூரிக்கின்றனர். அவ்வளவு ஓசையிலும் அவள் வாயில் வைக்கப்பட்டது யாருடைய புகழ்? மலையின் புகழ், குற்றாலநாதர் புகழ்! தன்னை ஒதுக்கியோரைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கேட்க வழியில்லை. நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னரிடம் கவிராயர் நிலம் பெற்றார் என்பர். அந்நிலம் குறவஞ்சிமேடு எனப்பட்டது. குறத்திக்கு என்ன கிடைத்ததோ!

ஆயினும் அந்நூலிலேயே நம்மை நிறுத்துகின்ற இடம் ஒன்றுண்டு. ஊர் சுற்றிய சிங்கியின் உடலில் புது அணிகளைக் கண்டு ஐயுறுகிறான் சிங்கன். இது என்ன, அது என்ன என்று அடுக்குகிறான். அவள் குழைவதில்லை, அழுவதில்லை. குறி சொல்லிப் பெற்றவை என, தன் தொழிலின் கூலியாக ஒவ்வொன்றையும் எடுத்துரைக்கிறாள். இதுவன்றோ வெளிப்படை! இதனை நகைச்சுவை என்று சிரித்துக் கடந்துவிடுகின்றனர் மேடைகளில். கணவனின் ஐயத்துக்கு ஒரு தொழிலாளிப் பெண் தரும் மறுமொழி நகைப்புக்குரியதானது எவ்வாறு?

நம்மவர் எழுத்துக்கும் வருவோம். பிறரை மட்டும் சாடுவது முறையன்று. ‘தோழர் ஆணித்தரமாக, அஞ்சாநெஞ்சத்தோடு முழங்கினார்’ என்று முடிகிறது கூட்டச் செய்தி. தோழர் சொன்னது என்ன? ஒரு வரியும் இல்லை! வெளிப்பட நிற்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டா என்பது தொல்காப்பிய உரியியலின் நெறி. வெளிப்பட நிற்கும் பேச்சுக்கும் ‘வெளிப்படையாக’ என்ற முத்திரை எதற்கு?

1943-இல் அண்ணா கம்பராமாயணத்தை எதிர்த்து வாதிட்டார். தம் கட்சியார் மட்டும் கைதட்டும் கூட்டத்தை அவர் தேடவில்லை. சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நேருக்கு நேர் நின்றார். அவ்வுரைகள் ‘தீ பரவட்டும்’ என நூலாயின. மறுப்போரை எதிரே வைத்துக்கொண்டு பேசியதால் அது பகிரங்கமாயிற்று. குரல் உயர்ந்ததால் அன்று.

1957 நவம்பர் 3-இல் தஞ்சை மாநாட்டில், சாதியைக் காக்கும் சட்டப் பிரிவுகளை நவம்பர் 26-இல் எரிப்போம் என்று பெரியார் நாள் குறித்தார். எரிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அதற்குள் சட்டம் இயற்றினர் ஆட்சியாளர். குறித்த நாளில் எரித்து, ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். இம்மூன்று வாக்கியங்களில் ‘துணிவாக’ என்ற சொல்லை எங்கே செருகுவது, தோழர்களே?