முதலில் கேள், பிறகு மேடை

மலேசியாவின் பினாங்கில் நாடகம் கற்பித்த ஜேனட் பிள்ளை 1999இல் தொடங்கிய சிறு அமைப்பு ஆர்ட்ஸ்-எட். மறு ஆண்டு பிறந்தபோது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியிருந்தது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் வாடகை ஏறியதால் வெளியேறினார்கள். அந்த நேரத்தில் ஜேனட்டும் கூட்டாளிகளும் பிள்ளைகளை அரங்கத்துக்குள் அடைக்காமல் தெருவுக்கு அழைத்துப் போனார்கள். கைவினைஞர் பக்கத்தில் உட்கார், கேள், வரைந்து பார், நடிப்பதெல்லாம் அப்புறம். என்ன அருமையான வரிசை! கடைவாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒரே நாளில் வாத்தியாராகிவிடுகிறார். இடம் பறிபோகும் மனிதருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. ஆர்ட்ஸ்-எட் கவனித்ததோ உள்ளே வாழ்ந்தவர்களை. அதே வேலையைப் பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பக்கமும் கொண்டு போனார்கள்.