கலப்பு நோய்களும் நம் ஆசிரிய மரபும்

கிளெம்பெரர் 1942இல் லூபஸ், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களைக் கொலாஜன் நோய்களென்று ஒரு குடும்பமாகத் தொகுத்ததும், 1948இல் ஹார்கிரேவ்ஸ் லூபஸுக்குரிய எல்.ஈ. உயிரணுவை வெளியிட்டதும் நம் சங்கத்து அங்கத்தினர் யாவரும் அறிந்தவையாதலின், அவற்றை விரிக்காமல் சர்ச்சைக்குரிய இடத்துக்கே வருகிறேன்.

லூபஸ், ஸ்கிளீரோடெர்மா, பாலிமயோசைட்டிஸ் ஆகியவற்றின் லக்ஷணங்கள் ஓருடலில் கூடி, ரத்தத்தில் ஆர்.என்.பி. எனும் அணுக்கருப் புரதத்தின் மீதான எதிர்பொருளும் உயர்ந்த அளவில் நிற்குமாயின் அது கலப்பு இணைப்புத்திசு நோயெனும் தனி வியாதியே என்று, 25 நோயாளிகளை ஆதாரமாகக் கொண்டு 1972இல் ஸ்தாபித்தார் கோர்டன் ஷார்ப். அது தனி வியாதியன்று, இன்னும் உருத்தெளியாத நிலையே என்ற கட்சியை 1980இல் லீராய் எடுத்துரைத்தார். ஷார்ப்பின் நோயாளிகளைப் பின்னர் தொடர்ந்து கவனித்தபோது, மூட்டழற்சி அடங்கிப் பலரிடம் ஸ்கிளீரோடெர்மாவின் சாயலே மிஞ்சியமை லீராய் கட்சிக்கு வலுவூட்டிற்று. சாதுவெனக் கருதப்பட்ட நோய், நுரையீரல் தமனி உயரழுத்தத்தால் உயிரையும் கொள்ளுமென்பது இரு கட்சியாரையும் ஒருங்கே அடக்கிற்று.

எங்கள் ஆசிரியர் எக்கட்சியையும் சாராதவர். ஷார்ப், கசுகாவா, கான் முதலியோரின் நிர்ணயப் பிரமாணங்களையெல்லாம் மரியாதையோடு எடுத்துரைத்துவிட்டு, அலர்கான்-செகோவியாவினதையே அவர் கைக்கொண்டதற்குக் காரணமுண்டு: அதன் ஐந்து தேக லக்ஷணங்களில் கைவீக்கம், மூட்டழற்சி, ரேனோ, விரல்தோல் இறுக்கம் ஆகிய நான்கையும் கையிலேயே காணலாம், தசையழற்சி ஒன்றுக்குத்தான் வேறிடம் செல்லவேண்டும். நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண் பரிசோதிக்கும் ஆஃப்தால்மாஸ்கோப்பாலேயே நுண்குழாய்களின் விரிவையும் வெறுமையையும் அவர் காட்டுவார். ரேனோவில், குளிரில் விரல் வெளுத்து, நீலித்து, பின் சிவந்த வரிசையை நோயாளியின் வாய்மொழியாகவே எழுதச் சொல்வார். நிர்ணயம் இயலாவிடத்து, இயலவில்லை என்றே எழுதி ஆறு மாதம் கழித்து வரச்சொல்லும் நிதானம் அவருக்கு இருந்தது.

இக்காலத்து இளைஞர்களில் கூர்மதியாளர் பலர் உளர். எனினும் கையைத் தொடுமுன் ஏ.என்.ஏ. எனும் அணுக்கரு எதிர்பொருள் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப்படுவதையும், வந்த தாளில் "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல்லே இருக்க, எந்த அளவில் என்று எவரும் வினவாததையும் காணச் சகிக்கவில்லை. நலமுள்ளவர்களிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரிடம் 1:80 அளவில் அது தென்படும் என்பதும், அலர்கான்-செகோவியா ஆர்.என்.பி.க்கு 1:1600 கேட்டார் என்பதும் மறந்துபோயினவா? அளவு போயிற்று, அளவோடு தேதி போயிற்று, தேதியோடு பின்தொடர்ந்து பார்க்கும் வழக்கமும் போயிற்று. கூட்டங்களில் நோயாளியின் கைப்படம் திரையில் அரைக் கணம் தோன்றி மறைகிறது. கலப்பு நோயென்பது இன்று ஆராய்ந்து கண்ட நிர்ணயமாக இன்றி, ஆராயச் சோம்பியோர் சேர்த்துவைக்கும் பெட்டியாகிவிட்டதென்று மூத்த அங்கத்தினர் ஒருவர் வருந்தியது மிகையென எனக்குத் தோன்றவில்லை.

ஆதலின், வரும் ஆண்டு முதல் மாதாந்தர நோயாளி விளக்கங்களில், கைப் பரிசோதனையை முதலிலும் எதிர்பொருளின் அளவைத் தேதியோடு பின்னரும் சொல்லாதவருக்கு மேடை அளிக்கலாகாதென நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.