கண் முந்துமா, கை முந்துமா?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஒன்றை உங்கள் நண்பர் மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்முனையில், சுழி குறித்த இடத்தில், உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கோலைத் தொடாமல் காத்திருக்கட்டும். அவர் சொல்லாமல் கோலை விடும்போது நீங்கள் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் 20 சென்டிமீட்டர் குறி அருகில்தான் பிடிப்பார்கள். ஒரு பொருள் அவ்வளவு தூரம் விழுவதற்கு 0.2 வினாடி ஆகும். கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் மூடுவதற்குத் தேவைப்படும் காலம் அது. இதனை எதிர்வினை நேரம் என்பர்.

இப்போது சோதனையைச் சற்றே மாற்றுவோம். நண்பர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஒரே சீராக எண்ணி, ‘மூன்று’ என்னும்போது கோலை விடட்டும். இம்முறை கோல் நகரத் தொடங்கும்போதே பிடித்துவிடுவீர்கள். சில சமயம் அவர் விடுவதற்கு முன்பே கூட! உங்கள் நரம்புகள் ஒரு நிமிடத்தில் வேகம் பெற்றுவிடவில்லை. கண் காணட்டும் என்று காத்திராமல் மூளை முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டது, அவ்வளவுதான்.

வாள்போர் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இளைஞர்களிடையே நெடுநாளாக நடக்கும் வழக்கு ஒன்றுக்கு இந்த அடிக்கோல் நல்ல சாட்சி. எதிரியின் வாள் மேலே விழும் கணத்தில் பொத்தானை அழுத்தி அதைத் தட்டிவிட வேண்டும் என்பதையே மையமாகக் கொண்ட விளையாட்டுகள் உண்டு. அவற்றைப் போன்ற மனநிறைவு வேறெதிலும் இல்லை என்பது ஒரு கட்சி. அவை விரல் வேகம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியவை, மற்றவர்களுக்கு வதை என்பது எதிர்க்கட்சி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடித்துவிட்டு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து விளையாட உட்காரும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். இருபது முறை தோற்று எழுந்து போகும்போது, “நமக்குக் கை வேகம் போதாது” என்று தம்மைப் பற்றியே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு போகிறார். அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே நம் கேள்வி.

இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’. தோக்கியோவைச் சேர்ந்த ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம், ஹிடேட்டகா மியாசாகியின் இயக்கத்தில் 2019 மார்ச் மாதம் இதனை வெளியிட்டது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்கால ஜப்பானில், அஷினா என்னும் கற்பனை நாட்டில் கதை நடக்கிறது. எதிரியின் உயிரைச் சிறிது சிறிதாகக் குறைப்பது மட்டும் இங்கே வழியன்று. ஒவ்வொரு வீச்சையும் உரிய கணத்தில் தட்டிவிடும்போது எதிரியின் நிலை சற்றே குலைகிறது. குலைவு முழுமை பெற்றால் ஒரே குத்தில் கதை முடியும். நீங்கள் பின்வாங்கி மூச்சு வாங்கினாலோ, எதிரி நிலையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். ஆகவே தற்காப்பே இங்குத் தாக்குதலாகிவிடுகிறது. இதுதான் இதன் புதுமை.

தட்டிவிடுவதற்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு? திரையில் வினாடிக்கு 60 படங்கள் ஓடும்போது ஏறத்தாழ 12 படங்கள். அதாவது 0.2 வினாடி. அடிக்கோல் சொன்ன எண்ணே இங்கும் வருவதைக் கவனித்தீர்களா? வாள் இறங்குவதைக் கண்ட பிறகே அழுத்துவேன் என்றால், பல வீச்சுகளுக்கு அழுத்தி முடிப்பதற்குள் காரியம் கெட்டிருக்கும். பதறிப்போய்ப் பொத்தானைத் தொடர்ந்து தட்டினாலும் பயனில்லை. அடுத்தடுத்து அழுத்தும்போது அந்தக் காலம் இன்னும் சுருங்கும்படி அமைத்திருக்கிறார்கள். எனவே விரல் வேகத்தால் மட்டும் இந்த விளையாட்டை வெல்ல இயலாது. எதிரியின் வீச்சுகளுக்கு ஒரு தாளம் இருக்கிறது. அதைக் கற்றவருக்கு ‘மூன்று’ எப்போது வரும் என்று தெரியும்.

நம் மட்டைக்காரர்களின் நிலையும் இதுவே. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, வீசியவர் கையிலிருந்து மட்டையை அடைய அரை வினாடிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்னும் ஆய்வாளர்கள் மட்டைக்காரர்களின் கண்ணசைவை அளந்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பந்து தரையில் எங்கே குத்தும் என்று ஊகித்து, பந்து போய்ச் சேர்வதற்கு முன்பே கண் அங்கே போய்க் காத்திருக்கிறதாம். தேர்ந்த ஆட்டக்காரரின் கண் அந்த இடத்துக்கு இன்னும் விரைவாகப் போகிறது.

சிலம்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் விடுமுறை நாள் காலையில் திடல்களிலும் மொட்டை மாடிகளிலும் கம்போடு கம்பு மோதும் ஓசை கேட்கும். (2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்ட பிறகு பெற்றோருக்கும் இதில் ஆர்வம் கூடியிருக்கலாம்.) சுழலும் கம்பின் நுனியைக் கண்ணால் துரத்துவது வீண் வேலை. பழகியவர் எதிராளியின் தோளையும் காலடியையும் கொண்டே அடி எங்கே வரும் என்று அறிகிறார். தடுத்த கம்பு அங்கேயே நின்றுவிடாமல், சுழன்று அடுத்த அடியாகிறது. செகிரோவை உருவாக்கியவர்கள் சிலம்பத்தைக் கண்டிருக்க வேண்டிய தேவையில்லை. ஆனாலும் அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதுவே.

மனநிறைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோல்வியிலும் இந்த விளையாட்டு படிநிலை வைத்திருக்கிறது. சரியான கணத்தில் அழுத்தினால் ‘கணீர்’ என்ற ஓசையும் பெரிய தீப்பொறியும் எழும். சற்று முந்தி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் வெறும் தடுப்பாகும். ஓசை மங்கும், உங்கள் நிலை குலையும், ஆனால் உடலில் அடி விழாது. பிந்தினால் அடி. இதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டுகளில் தட்டிவிட முயன்று தவறினால் பெரும்பாலும் நேரே அடிதான். அங்கே தவறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதற்குள் உயிர் போய்விடும். இங்கே ஒவ்வொரு மோதலும் ‘முந்திவிட்டாய்’, ‘பிந்திவிட்டாய்’ என்று காதுக்குள் சொல்கிறது. காதுக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒளியைவிட ஒலிக்கு மனிதர் சற்று விரைந்து எதிர்வினை புரிவர் என்பது பழைய அளவீடு. செகிரோவை ஒலியை அணைத்துவிட்டு விளையாடுவது பாதி விளையாட்டுதான்.

ஆனால் கற்றுத் தேர்ந்த பிறகு இன்பம் நிலைக்குமா? வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமீன் நரம்பணுக்களை ஆராய்ந்தபோது, எதிர்பாராத பழச்சாற்றுக்கே அவை துள்ளுவதையும், முன்கூட்டியே தெரிந்துவிட்ட சாற்றுக்குத் துள்ளாமல் இருப்பதையும் கண்டார். முழுவதும் மனப்பாடமான சண்டையும் அப்படிச் சப்பென்று ஆகிவிடக்கூடும். செகிரோ இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. சில வீச்சுகளின்போது ‘அபாயம்’ எனப் பொருள்படும் சிவப்பு எழுத்து தோன்றும். குத்தா, கால்வாரலா, பிடியா என்பதை நீங்களே கண்டு வெவ்வேறு விடை தர வேண்டும். எழுத்து மட்டும் மூன்றுக்கும் ஒன்றே. தாளம் தெரிந்தவரையும் தூங்கவிடாத ஏற்பாடு.

இனிக் குறைகள். முதலாவது விளையாட்டின் குறையன்று, அது ஓடும் பெட்டியின் குறை. இக்காலத் தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதால், சிலவற்றில் 0.1 வினாடிக்கும் மேல் தாமதம் ஏற்படுகிறது. 0.2 வினாடியை நம்பி ஆடுபவருக்கு அது பெரிய தொகை. நிலையான தாமதத்தால் காலம் சுருங்குவதில்லை, இடம் மாறுகிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் பழகிய கை, கடையில் உள்ள வேறொரு பெட்டியின் முன் தவறுவது இதனால்தான். பல பெட்டிகளில் ‘கேம் மோடு’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் தாமதம் வெகுவாகக் குறையும். நம் தொழிற்பேட்டை இளைஞர் தம் கையைக் குறை சொல்லுமுன் இதனைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது குறையை விளையாட்டின் கணக்கில்தான் எழுத வேண்டும். சிலம்பம் கற்றுத்தரும் மாஸ்டர் முதல் நாளே முழு வேகத்தில் அடிப்பதில்லை. அதே அடியை மெதுவாக இறக்கி, மாணவர் கை பழகப் பழக வேகத்தைக் கூட்டுவார். செகிரோவிலும் ஹான்பெய் என்னும் சாகாவரம் பெற்ற ஒருவர் பயிற்சிக்கென்றே இருக்கிறார். எத்தனை முறை வேண்டுமானாலும் அவரோடு மோதலாம். ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொல்ல வழியில்லை. வியப்பு என்னவென்றால், விளையாட்டை மேலும் கடினமாக்க இதில் ஏற்பாடு இருக்கிறது. ஒரு மணியை அடித்தால் எதிரிகள் வலுப்பெறுவர். இரண்டாம் சுற்றில் ஒரு தாயத்தைத் திருப்பிக் கொடுத்தால், சரியாகத் தட்டிவிடாத தடுப்பிலும் உயிர் குறையும். எளிதாக்க ஒன்றுகூட இல்லை. எளிமை வந்தால் வெற்றியின் சுவை போய்விடும் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுவை தாளத்தைக் கற்பதில் இருக்கிறது என்றால், மெதுவான தாளமும் தாளந்தானே! 2025-இல் பிரான்சிலிருந்து வந்த ‘கிளேர் ஓப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ விளையாட்டிலும் தட்டிவிடுதல் உண்டு, அதன் எளிய நிலையில் அதற்குரிய காலம் தாராளமாகக் கிடைக்கிறது. அங்கே ஒருவர் அதே வீச்சுகளை விரிந்த காலத்தில் கற்று, பிறகு கடின நிலைக்குப் போகலாம். செகிரோவில் அதே வயதான விரல்களுக்கு, அல்லது ஒரு கை சரியாக இயங்காதவருக்கு, முதற்படியே மாடி உயரத்தில் இருக்கிறது.