காத்திருந்தவளும் கடல் கடந்தவளும்

பொருள்வயிற் பிரிந்த தலைவனைத் தமிழ் பாடியது போல வேறொரு மொழி பாடியிருக்குமா என்பது ஐயமே. பாலைத்திணை முழுவதும் அவன் போன சுரமும் அவள் இருந்த வீடுமாகவே நிற்கின்றது. ஆனால், அவன் இருக்கும் தேயத்துக்கு அவள் போய்ச் சேர்ந்த பாட்டு எங்கே என்று கேட்டால் ஏடுகளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உடன்போக்கு உண்டே எனச் சிலர் கூறுவர். அது அவனோடு கூடப் போவது. போனவனைத் தேடிப் பின்னர்ப் போவதன்று. பாலைக்கலியில் தலைவி தன்னையும் அழைத்துச் செல்லுமாறு கேட்கிறாள். காடு கொடிது, உன் அடி பொறாது என்று விடை வருகிறது. பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது.

இதற்கு இலக்கணமும் துணை நின்றது. கடல் வழிப் பயணம் பெண்ணோடு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. உரையாசிரியர் இதற்குப் பொருள் கொள்வதில் வேறுபடுவர் எனினும், இளம்பூரணர் கடற்செலவு என்றே கொள்வார். கற்பியலிலோ இன்னொரு விதி: பாசறையில் தலைவன் பெண்ணோடு கூடியிருத்தல் இல்லை. இவ்விரு விதிகளையும் மாணவர்க்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் நமக்கு வளைகுடாவின் தொழிலாளர் முகாம்களே நினைவுக்கு வருகின்றன. அங்கும் ஆடவர் மட்டுமே தங்குவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹத்தோடு தங்குமிடம் வேண்டும் என்று 2019இல் விதித்தார்கள். சிங்கப்பூரில் ‘ஒர்க் பெர்மிட்’டில் வேலை செய்பவன் மனைவியைத் தன்னோடு குடியமர்த்தவே இயலாது. தொல்காப்பியர் புலவர்க்கு வகுத்த மரபு இன்று குடிநுழைவு அதிகாரியின் மேசைமேல் சட்டமாக இருக்கிறது!

நாம் வாழும் சேலம், நாமக்கல் சமவெளியில் கடல் இல்லை. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் கப்பலோடு பழகியவை. கப்பலேறிய மச்சானை விளித்துப் பாடும் பாட்டு அவ்வூர்க் கலியாண வீடுகளில் ஒலிப்பெருக்கி வழியே கேட்பது இயல்பு. நம் பக்கத்துப் பிரிவு லாரியிலே ஏறியது. நாமக்கல்லில் கூண்டு கட்டிய லாரியோடு அசாம்வரை போகிறவனும், திருச்செங்கோட்டு ‘ரிக்’ வண்டியோடு மாதக்கணக்கில் வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவனும் பொருள்வயிற் பிரிந்தவர்களே. அவர்களில் சிலர் பின்னர் அதே ஓட்டுநர் உரிமத்தின் பலத்தில் ஷார்ஜாவுக்கும் தம்மாமுக்கும் போனார்கள். இவர்களைப் பற்றி நம் புலவர்கள் பாடும்போது மட்டும் எங்கிருந்தோ கடற்கரையும் கலங்கரை விளக்கும் வந்துவிடுகின்றன. சங்ககிரிச் சுங்கச்சாவடியில் நின்றவனுக்குக் கலங்கரை விளக்கு எதற்கு?

பக்கத்து மலையாளத்து மாப்பிள்ளைமார் இவ்வகையில் நம்மினும் துணிந்தவர்கள். அவர்களிடம் கத்துப்பாட்டு என்று ஒரு வகை உண்டு. கடிதமே பாட்டாக வருவது. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் பெல்லாரிச் சிறையில் கிடந்த கணவனுக்கு மனைவி எழுதியதாகப் புலிக்கோட்டில் ஹைதர் யாத்த மறியக்குட்டியின் கடிதம் புகழ் பெற்றது. எஸ். ஏ. ஜமீல் 1977ஆம் ஆண்டளவில் இயற்றிய துபாய்க் கத்துப்பாட்டோ, கேட்ட இடமெல்லாம் கண்ணீரை வரவழைத்தது. அதைக் கேட்டு வேலையை விட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு என்றுகூடச் சொல்வார்கள். அதன் வலிமை இசையில் மட்டும் இல்லை. இளமை கழிகிறது என்பதை அம்மனைவி உவமைக்குள் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். நம் கவிஞர்களோ அவளை உருகும் மெழுகுவத்தி என்று பாடி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மெழுகுவத்தியை இனியேனும் அணைத்துவிடலாம். ஸல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) வந்த பிறகுதான் தமிழ் முஸ்லிம் வீட்டின் உள்ளறைப் பேச்சு உரைநடையில் உரத்துக் கேட்டது. அதன் சில பக்கங்களில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அந்த அறைகள் பொய்யல்ல என்பதை மறுக்க மாட்டோம்.

மறைத்துச் சொல்வதுதான் மார்க்கப் பற்று என்று எண்ணுவோர்க்கு ஒரு ரிவாயத்தை நினைவூட்டுவோம். இமாம் ஸுயூத்தியின் ‘தாரீக்குல் குலஃபா’விலும் இதனைக் காணலாம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வருகையில், போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் பாடுவதைச் செவியுற்றார்கள். இறையச்சம் ஒன்றே தன்னைக் காக்கிறது என்னும் பொருள்பட, கட்டிலைக் குறித்தே அவள் வெளிப்படையாகப் பாடினாள். கலீஃபா அவளைக் கண்டிக்கவில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய், ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்று ஒரு ரிவாயத்தும் ஆறு மாதம் என்று மற்றொன்றும் கூறும். அதற்கு மேல் படையினரை நிறுத்தி வைக்கலாகாது என ஆணை பிறந்தது. ஒரு பெண்ணின் பாட்டு அரசாணையை மாற்றிய நிகழ்ச்சி இது. இலக்கியத்தின் பயன் என்ன என்று வினவுவோர் இதனையும் கணக்கில் கொள்க.

அரபுக் கவிதையில் பிரிந்தவனைக் காண அவள் வருவதுண்டு. ஆனால் கனவில் வருவாள். ‘தைஃபுல் கயால்’ என்று இதற்குப் பெயர். பாலைவனத்தின் நடுவே ஒட்டகத்தருகில் உறங்குபவனிடம் காதலியின் மாயவுரு வருகிறது. இத்தனை தொலைவை, இந்த இருளில், எப்படிக் கடந்தாய் என்று அவன் வியக்கிறான். புஹ்துரீ இதில் வல்லவர் என்பர். ஷரீஃப் அல்முர்தழா இப்பொருளுக்கென்றே ஒரு நூல் செய்தார். நம் சீறாவிலும் உமறுப்புலவர் ஷாம் பயணத்தை அடுத்துக் ‘கதீஜா கனவு கண்ட படலம்’ அமைத்தார். கனவில் தூரம் கடப்பதற்கு இரு மொழிகளிலும் தடையில்லை. விழித்திருக்கையில் கடந்தவளின் பாட்டுத்தான் நமக்கு வேண்டும்.

அவள் வரலாற்றில் இருக்கிறாள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை அன்றைய கணவர் அபூ ஸலமாவோடு ஹிஜ்ரத் போகவிடாமல் பிறந்த குலத்தார் தடுத்துக்கொண்டனர்; குழந்தையைக் கணவரின் குலத்தார் பறித்துக்கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு நாள்தோறும் மக்காவின் அப்தஹ் வெளியில் அமர்ந்து மாலைவரை அழுதார்கள். இதுவரை நம் பாலைத் தலைவிதான். பிறகு உறவினர் ஒருவர் இரங்க, பிள்ளை திரும்பக் கிடைக்க, அவனை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டகமேறித் தனியாகவே மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். தன்யீமில் எதிர்ப்பட்ட உஸ்மான் இப்னு தல்ஹா அப்போது இஸ்லாத்தைத் தழுவாதவர். அவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நடந்தே வந்தார். தங்குமிடந்தோறும் ஒட்டகத்தை அமரச் செய்துவிட்டு அப்பால் விலகிப் போய் வேறொரு மரத்தடியில் படுத்துக்கொண்டார். குபாவின் குடியிருப்பைக் காட்டி, உம் கணவர் இங்கேதான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு மக்காவுக்குத் திரும்பினார். இப்னு இஸ்ஹாக் தரும் இச்செய்தியில் ஒரு காவியத்துக்கு வேண்டியது அனைத்தும் இருக்கிறது. நாம் படித்த அளவில், நம் புலவர்கள் அப்தஹில் அழுததைப் பாடியிருக்கிறார்கள். ஒட்டகத்தில் ஏறியதை ஓரடியில் கடந்துவிடுகிறார்கள்.

இன்று அந்த ஒட்டகம் திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் போய் இறங்குகிறது. நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார், நாமக்கல்லை அடுத்த ஒரு சிற்றூர்க்காரர், முப்பது நாள் ‘விசிட் விசா’வில் ஷார்ஜா சென்று வந்தார். கணவர் பதினோரு ஆண்டுகளாக அங்கே ஓட்டுநர். அந்த ஒரு மாதத்துக்காகத் தடுப்புப் பலகை அடித்த அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். விடியுமுன் வேலைக்குப் போனால் இருட்டிய பின்தான் வருவார்.

“சோறு நல்லா ஆக்குறாங்க ஹஜ்ரத். எனக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சமையக்கட்டுல உப்பு எங்க இருக்குன்னு அவங்களைக் கேட்டுத்தான் எடுத்தேன்,” என்றார் அந்த அம்மையார்.

நாம் மேலும் ஏதும் கேட்கவில்லை; கேட்பதும் முறையன்று. ஆனால் அச்சொல் நம்மை விட்டு அகலவில்லை. தலைவிக்கு உரிய நிலம் வீடு என்று இலக்கணம் சொல்லும். கணவன் சமைத்த வீட்டில் விருந்தாளியாகி, உப்பைக் கேட்டு எடுப்பவளை எந்தத் திணையில் வைப்பது? சேர்ந்திருப்பதால் குறிஞ்சி என்பதா? முப்பது நாளும் எண்ணிக்கொண்டே கழிவதால் பாலை என்பதா? ஒன்பதாம் நாள் ஊடல் வந்தால், தீர்ப்பதற்கு இருபத்தொரு நாள்தான் மிச்சம் என்று இருவருக்கும் தெரியுமே; அப்போது ஊடுவார்களா? மருதம் பாடியவர் எவரும் நாள் குறித்த விசாவோடு ஊடியதில்லை.

கடிதம் போய்விட்டதால் கத்துப்பாட்டும் போய்விட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்குப் பிரிவே இல்லை என்று வேறு சிலர் தேறுதல் கூறுகிறார்கள். இரண்டும் நமக்கு ஏற்புடையன அல்ல. பதினோரு ஆண்டுகளில் அந்த அம்மையார் கணவரின் முகத்தைத் திரையில் எத்தனையோ முறை பார்த்திருப்பார். அவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதைத் திரை காட்டவில்லை. அதை அறிய அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. நம் இளங்கவிஞர்கள் அந்தத் தடுப்பறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே அடுப்பருகே இருக்கும் உப்பு ஜாடியிலிருந்து தொடங்கட்டும். கலங்கரை விளக்கு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது.