மேற்பரப்பும் ஆழமும்: ஒரு நோய்க்குறியீடு பற்றிய விமர்சனம்

வகைப்பாடு என்பது வெறும் ஒழுங்கமைப்பன்று; அஃது ஒரு நோக்கு. எதனை எதனோடு சேர்ப்பது, எதனை எதனின்று பிரிப்பது என்னும் முடிவின் பின்னே, எதனை முக்கியமெனக் கொள்வது என்னும் முடிவு நிற்கின்றது. இலக்கிய வகைகளைப் பற்றிப் பேசுகையில் இவ்வுண்மையை நாம் இலகுவில் ஒப்புக்கொள்கிறோம். மருத்துவத்தின் நோய்ப்பட்டியல்களையோ விசாரணைக்கு அப்பாற்பட்ட விஞ்ஞான உண்மைகளாகக் கருதிவிடுகிறோம். அவையும் மனிதரால் எழுதப்பட்ட பிரதிகளே. ஆதலின் விமர்சனத்துக்கு உரியவை. அத்தகைய பட்டியலொன்றின் ஒரேயொரு பதிவை எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தை ஐக்கிய அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 ஒக்டோபர் 1 முதல் வைத்தியசாலைகளில் நடைமுறைப்படுத்தியது. அதில் எல் 02.215 என்னும் குறியீடு, பெரினியப் பகுதியின் தோலில் உண்டாகும் சீழ்க்கட்டியைக் குறிக்கும். பெரினியம் என்பது குதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட சிறு பரப்பு. அதே பரப்பில் மயிர்க்காலில் தோன்றும் கொப்புளக்கட்டிக்கு எல் 02.225 எனவும், பிளவைக்கு எல் 02.235 எனவும், சீழ் திரளாது திசுவில் பரவும் அழற்சிக்கு எல் 03.315 எனவும் வேறுவேறு குறியீடுகள் உள்ளன.

இந்நுணுக்கம் பயனற்றதன்று. முன்னைய ஒன்பதாம் திருத்தத்தின் அமெரிக்க வடிவில், வயிற்றுச் சுவர், முதுகு, அரை, பெரினியம் ஆகிய அனைத்திலும் உண்டாகும் சீழ்க்கட்டியும் பரவும் அழற்சியும் 682.2 என்னும் ஒரே எண்ணுள் அடங்கின. திரண்ட சீழைக் கீறி வெளியேற்றவேண்டும். பரவும் அழற்சிக்கு நுண்ணுயிரெதிர் மருந்தே முதன்மையானது. வேறுபட்ட சிகிச்சையை வேண்டும் இருநிலைகளை ஒன்றெனக் கொண்ட குறையைப் புதிய வகைப்பாடு நீக்கியதென்பதை மறுத்தல் நியாயமாகாது.

ஆயின், இங்கு மிகுந்திருப்பது எவ்வகை நுணுக்கம் என்பதே வினா. மனித உடலின் மேற்பரப்பைப் புதிய வகைப்பாடு காணிக்காணியாக அளந்து எல்லையிட்டுள்ளது. ஆழத்தை அவ்வாறு அளக்கவில்லை. பெரினியத்தில் வீக்கமாக வெளிப்படும் சீழ் எப்போதும் தோலில் தோன்றியதாக இருப்பதில்லை. குதத்தின் இறுக்கித் தசைகளுக்கிடையே அமைந்த சுரப்பிகளில் தொற்று ஏற்பட்டு, அங்கிருந்து சீழ் வெளிநோக்கி வழிதேடி வந்திருக்கலாம். அவ்வாறாயின் அதன் இடம் தோல்நோய் அத்தியாயமன்று; சமிபாட்டுத் தொகுதி நோய்களுள் அமைந்த கே 61 என்னும் பிரிவாகும். தோற்கட்டி கீறப்பட்டதும் பெரும்பாலும் ஆறிவிடும். குதச் சுரப்பியில் தோன்றியதோ, நோயாளருள் கணிசமான பங்கினருக்குப் பவுத்திரமாக எஞ்சி, மீண்டும் மீண்டும் சீழ் கட்டும். தோற்றுவாய் வேறு, முடிவும் வேறு.

இவ்வேறுபாட்டை வகைப்பாடு அறியாததன்று. எல் 02 பிரிவின் தலைப்பிலேயே, குதம் சார்ந்த கட்டிகளும் புறப் பிறப்புறுப்புக் கட்டிகளும் பிற பிரிவுகளுக்கு உரியன என்னும் குறிப்பு உண்டு. குறை அகரவரிசைச் சுட்டியில் உள்ளது. அதில் பெரினியச் சீழ்க்கட்டி என்னும் பதிவினருகே ‘மேலோட்டமான’ என்னும் சொல் அடைப்புக்குறிக்குள் இடப்பட்டுள்ளது. அச்சுட்டியின் மரபின்படி, அடைப்புக்குறிக்குள் வரும் அடைமொழி இருப்பினும் இல்லாவிடினும் குறியீடு மாறாது. வைத்தியர் ‘பெரினியச் சீழ்க்கட்டி’ என்று மட்டும் எழுதி, ஆழத்தைப் பற்றி ஒன்றுங் கூறாதுவிட்டால், அது மேலோட்டமான தோற்கட்டியாகவே எல் 02.215 இல் பதியப்படும். எழுதப்படாததைத் தாமாக ஊகிக்கும் உரிமை குறியீட்டாளருக்கு இல்லை. ஐயமெழுந்தால் வைத்தியரிடம் வினவலாம். ஆனால் ஐயமே எழாதவாறு சுட்டி விடையைத் தயாராக வைத்திருக்கிறது. வைத்தியரின் மௌனம் இங்கே ஓர் உறுதியான கூற்றாக மாற்றப்படுகிறது. இடத்தைப் பொறுத்தவரை ஆறு எழுத்துருக்கள் கொண்ட துல்லியம். ஆழத்தைப் பொறுத்தவரை ஓர் அடைப்புக்குறி.

இந்நிலையைப் புரிந்துகொள்ள வரலாற்றை நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வில்லியம் ஃபார் நோய்களை வகுத்தபோதும், 1893இல் சிக்காகோவில் சர்வதேசப் புள்ளிவிபர நிறுவகத்தின் முன் ஜாக் பெர்த்தியோன் தம் பட்டியலை வைத்தபோதும், மரண காரணங்களைக் கணக்கிடுவதே நோக்கமாயிருந்தது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாம் திருத்தத்தைப் பொறுப்பேற்றதுடன், உயிருள்ள நோயாளரின் நோய்களும் பட்டியலுள் வந்தன. ஐக்கிய அமெரிக்காவிலோ, 1983 முதல் மெடிக்கெயார் காப்புறுதி வைத்தியசாலைகளுக்கான கொடுப்பனவை நோய்நிர்ணயக் குழுக்களுடன் பிணைத்தது. அதன்பின் குறியீடு கணக்கெடுப்பின் கருவியாக மட்டுமன்றிக் கட்டணச் சீட்டின் மொழியாகவும் ஆயிற்று. கட்டணத்தை நியாயப்படுத்தும் மொழிக்கு, எங்கே கீறப்பட்டது என்பது உடனடித் தேவை; ஏன் தோன்றியது என்பது அத்துணை அவசரமானதன்று. ஒரு பிரதியின் உருவம் அதன் சமூகத் தேவையினின்று பிறக்கிறது என்னும் விமர்சனக் கோட்பாடு இங்கும் பொருந்துவதைக் காணலாம்.

‘குறியீடு எண்ணுவதற்கே; சிகிச்சை வைத்தியரின் கையில் உள்ளது’ என ஒருவர் மறுக்கலாம். ஆனால் எண்ணப்பட்டதே பின்னர் ஆராயப்படுகிறது. ஆராயப்பட்டதை வைத்தே வளங்கள் ஒதுக்கப்படுகின்றன. பவுத்திரத்துக்கு இட்டுச்செல்லும் கட்டிகள் தோற்கட்டிகளாக எண்ணப்படின், அந்நோயாளரின் நீண்ட துன்பம் கணக்கில் குறைந்தே தோன்றும். நோயாளி அடுத்தமுறை வேறொரு வைத்தியரிடம் செல்லும்போதும் பழைய குறியீடே அவருக்கு முன்னே சென்று பேசும். மேலும், வெட்கத்தினால் நோயாளர் வெளியிற் சொல்லத் தயங்கும் இப்பகுதியிலேதான், 1883இல் பிரெஞ்சு வைத்தியர் ஃபூர்னியே விவரித்த, உயிர்கொல்லும் திசு அழுகலும் தோன்றுகிறது. அது நீரிழிவு உள்ளோரை அதிகம் தாக்குவது. இவ்விடத்தில் ஆழத்தை வினவாதிருத்தல் சிறு பிழையாகாது.

2022இல் நடைமுறைக்கு வந்த பதினொராம் திருத்தம், தோலின் சீழ்த்தொற்றுக்களைத் தொற்றுநோய் அத்தியாயத்துக்கு மாற்றி, உடலிடத்தைத் தனிக் குறியீடாக இணைக்க வழிசெய்துள்ளது. காரணத்தை முதலிலும் இடத்தை அடுத்தும் வைக்கும் இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும், எவ்வகைப்பாடும் தனக்கு எழுதித் தரப்படாததை அறியாது. இலங்கை அரச வைத்தியசாலைகளின் உள்நோயாளர் புள்ளிவிபரங்களும் பத்தாம் திருத்தத்தின் அடிப்படையில் தொகுக்கப்பட்டு வந்துள்ளமையால், இவ்விசாரணை எமக்கும் அந்நியமானதன்று. மருத்துவ மாணவர் ‘எங்கே’ என்று எழுதும்போதே ‘எத்துணை ஆழத்தில், எதனின்று’ என்றும் எழுதப் பழகுதல் வேண்டும். அவ்விரு சொற்கள் இல்லாதவிடத்து, மிகத் துல்லியமான குறியீடும் நோயாளியின் தோலை மட்டுமே வாசிக்கும்.